நீர்நாய் தின்ற தாயின் பிள்ளைகள்

வழக்கமாக இந்த மாதிரி எழுதுகிறவர்கள் பணி ஓய்வு பெற்று, சால்வை வாங்கி, நரைத்த தலையோடு எழுதுவார்கள். எனக்கு அந்தத் தகுதி எதுவும் இல்லை. வரால் மீன் திட்டத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. இந்த மேசையை நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள், நான் வேறு ஊருக்குப் போகிறேன். அவ்வளவுதான் என் ஓய்வு. என்றாலும், போவதற்கு முன் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது.

மீனின் துடுப்பு நுனியை எப்படி வெட்டுவது, டி.என்.ஏ.வை எப்படிப் பிரிப்பது, கம்ப்யூட்டரில் எதை ஓட்டுவது என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடுவீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வந்த விடை நாம் எதிர்பார்த்த விடையாக இல்லாதபோது என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது.

முதலில் நாம் செய்யும் வேலை என்ன என்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும்தான். ஆனால் உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் அம்மா கேட்டது போல.

என் அப்பாவும் அம்மாவும் தேவிகுளத்துப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள். தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த எங்கள் லைன் வீட்டு வரிசையில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்ததும் அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். ஒரு ஆண் வரால், ஒரு பெண் வரால், அதுகளின் குஞ்சுகள் என்று ஒரு குடும்பத்தை எடுத்து, எந்தக் குஞ்சுக்கு அப்பாவிடமிருந்து எது வந்தது, அம்மாவிடமிருந்து எது வந்தது என்று பார்க்கிறோம் என்றேன். அம்மா, "ஏலே, மீனுக்கு அப்பன் யாரு ஆத்தா யாருன்னு பாக்கதுக்காலே உன்னய இம்புட்டுப் படிக்க வச்சோம்?" என்றாள். பின்னால் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வரைபடம்னு சொல்லுதியே, அது என்னதுலே?" என்று அடுத்த கேள்வி. போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பைச் சொல்லி விளக்கினேன். ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே ஜீப்பில் ஏறுவார்கள். தெருவின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் சிலநாள் ஒன்றாக வரும், சிலநாள் தனித்தனியாக வரும். யார் யாரோடு ஜீப்பில் வருகிறார்கள் என்று பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தத் தெருவுக்குப் போகாமலேயே எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று வரைந்துவிடலாம். டி.என்.ஏ.வில் உள்ள அடையாளப் புள்ளிகளும் அப்படித்தான். குஞ்சுகள்தான் ஜீப்புகள். அம்மாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்ப ஜீப்பு மாறிப்போனா ஒன் படம் தப்பாயிருமே," என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் பிறகு நடந்தது.

இந்த வரைபடம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரால் வளர்ப்பவர்களின் பெரிய தலைவலி, குஞ்சுகள் ஒன்றையொன்று தின்பது. சில குஞ்சுகள் குறுணையாக வரும் பெல்லட் தீவனத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். சில பழகவே பழகாது, பக்கத்தில் நீந்துவதைத்தான் விழுங்கும். பெல்லட்டுக்குப் பழகும் குணம் டி.என்.ஏ.வில் எந்த இடத்தோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்தால், அந்த இடம் உள்ள மீன்களைத் தாயாகவும் தகப்பனாகவும் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ஒரு சுத்தமான குடும்பம் வேண்டும். ஒரு ஜோடி, அந்த ஜோடியின் குஞ்சுகள், வேறு யாரும் இல்லை.

அந்தக் குடும்பத்தை நாங்கள் வைத்த இடம் வாளையாருக்கு உள்ளே, ருக்குமணியக்காவின் குளம். நெல்லும் தென்னையும் வைத்திருந்த குடும்பம் அது. நிலத்தின் ஒரு மூலையில் இரண்டு குளம் வெட்டி அக்கா வரால் வளர்த்தார். கீழ்க்குளத்தைத் திட்டத்துக்குக் கொடுத்தார். மேல்குளத்தில் அவருடைய சொந்த ஜோடி ஒன்று இருந்தது. பதிலுக்கு, திட்டம் முடிந்து நல்ல குஞ்சு வரும்போது முதல் குஞ்சு அக்காவின் குளத்துக்கு என்று எங்கள் ஆய்வகம் சொல்லியிருந்தது. வாசல் சுவரில் திட்டத்தின் பெயர் எழுதிய பலகை மாட்டினோம். அக்கா தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது அந்தப் பலகையையும் துடைப்பார்.

குஞ்சுகள் விரல் நீளத்துக்கு வளர்ந்ததும் துடுப்பு நுனி வெட்டும் நாள் வந்தது. அன்று நான் ஒரு சான்றிதழ் விஷயமாக தேவிகுளம் தாலுகா ஆபீசில் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த கவிதாக்கா தனியாகப் போனார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் ஒப்பந்த வேலைதான். கவிதாக்காவின் ஒப்பந்தம் அந்த முறை திட்டத்தை மதிப்பிடும் ஆய்வுக்குழு வரும்போது புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது.

வெட்டிய துடுப்பு நுனிகள், மீனுக்கு ஒன்றாக லேபிள் ஒட்டிய குப்பிகளில் வெளியூர் ஆய்வகத்துக்குப் போய், டி.என்.ஏ. வரிசையாக எங்கள் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்தன. ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலான குஞ்சுகள் அப்பா அம்மாவோடு கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் கணிசமான குஞ்சுகளிடம், அந்த அப்பாவாலும் தர முடியாத, அந்த அம்மாவாலும் தர முடியாத புள்ளிகள் இருந்தன. இந்த ஜோடிக்குப் பிறந்திருக்கவே முடியாத குஞ்சுகள்.

எங்கள் திட்டத் தலைவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். திரையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "குப்பி மாறியிருக்கு. வேறென்ன? வெட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தானுங்க மேடம்," என்றார் கவிதாக்கா. "ஆனா மாறலைங்க. ஒவ்வொண்ணா லேபிள் ஒட்டிட்டுத்தான் அடுத்ததக் கையில எடுத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சுண்டிருப்பா, கேட்டியோ. மாத்தினேன்னு தெரிஞ்சுண்டா யாராவது மாத்துவா?"

ஆய்வுக்குழு வர ஒரு வாரம்கூட இல்லை. மேடம் தன் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: மாதிரி எடுத்ததில் கவனக்குறைவு, பொருந்தாத மீன்கள் நீக்கப்பட்டன. அந்த வரியில் பெயர் இல்லை. ஆனால் அன்று மாதிரி எடுத்தது ஒரே ஒரு ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரியோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பதும் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த மேசையில் உட்கார்ந்தால் உங்களுக்கும் இது நடக்கும். பொருந்தாததை நீக்குவதற்கு மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் போதும், படம் சுத்தமாகிவிடும். நீக்குவது தப்பும் இல்லை, எல்லோரும் நீக்குகிறார்கள். எங்கள் வரைபடத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. நீக்கியதற்கு எழுதிய காரணம் மட்டும் ஒரு ஆளின் தலையில் விழுந்திருக்கும்.

நான் நீக்காமல், அந்தப் பொருந்தாத குஞ்சுகளை மட்டும் தனியாக எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். பெரிய அறிவு எதுவும் அதில் இல்லை. அவற்றுக்கு அப்பா அம்மா இவர்கள் இல்லை என்றால் வேறு யார் என்று ஒரு சாதாரணக் கேள்வி. குப்பிகள் கண்டபடி மாறியிருந்தால் உறவும் கண்டபடி இருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்த அந்நியக் குஞ்சுகள் அத்தனையும் தங்களுக்குள் கூடப்பிறந்தவை. ஒரே தாய், ஒரே தகப்பன். எங்கள் குளத்துக்குள் இன்னொரு முழுக் குடும்பம் இருந்தது.

சந்தோஷத்தில் மேடத்திடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ அவளைக் காப்பாத்த வந்தியா, கவுக்க வந்தியா? அங்க ரெண்டு குளம் இருக்கு. ரெண்டுலயும் வரால் இருக்கு. இவ மேல்குளத்துலயும் போய் வெட்டி, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துட்டான்னுதானே ஆறது? இது குப்பி மாறினதைவிட மோசமாக்கும்."

அவர் சொன்னது சரி. உண்மையைத் தேடிப் போனேன், கிடைத்த பாதி உண்மை பொய்யைவிட மோசமாக இருந்தது. கவிதாக்கா காதில் விழுந்ததும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏப்பா மாரி, நான் மேல்குளத்துப் பக்கமே போகல. நீயாச்சும் நம்பறியா?"

நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையைக் குழுவின் முன் வைத்து என்ன செய்வது? மறுநாள் காலையில் வாளையார் பஸ் ஏறினேன். வழக்கம்போல எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அக்கா மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே பார்த்தேன். மேல்குளத்துக்கு மேலே புதிதாக வலை போட்டிருந்தது.

"வலை எப்பங்க்கா போட்டீங்க?"

"அதயேன் கேக்கறீங்க தம்பி. அணைப்பக்கமிருந்து நீர்நாய் வந்துருச்சு. குஞ்சு பொரிச்சு செவசெவன்னு மேல திரியுது, அந்த நேரம் பாத்து ஆணு பொண்ணு ரெண்டையும் கடிச்சுத் தின்னுபோட்டுப் போயிருச்சு. தல மட்டும் கரையில கெடந்துச்சு. எனக்கு நெம்ப சங்கட்டமாப் போச்சு."

வரால் தன் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே நின்று காவல் காக்கும் மீன். அந்தக் காவல் போனால் குஞ்சுகளைக் கொக்கும் பாம்பும் சும்மா விடாது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்பறம் அந்தக் குஞ்சுகள என்னங்க்கா பண்ணீங்க?"

"என்ன பண்றது? தாயில்லாத புள்ளைங்கள அப்படியே உட்டுற முடியுங்களா? வலையில அள்ளுன மட்டும் அள்ளிக் கீழ்க்குளத்து ஜோடிகிட்ட உட்டுப்போட்டேன். அதுகளும் அப்பத்தான் பொரிச்சிருந்துச்சு. ஒரே அளவுக் குஞ்சா இருந்தா வரால் வெரட்டாதுங்க, தம்புள்ளையோட சேத்துக்கும். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"அக்கா, அந்தக் குளத்துல ஒண்ணும் பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருந்தோமே."

"எடுக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. நா ஒண்ணையாச்சும் எடுத்தனா? என்ற ஊட்டுக்கு விருந்தாளி வந்தப்பகூட கடையில வாங்கித்தான் கொழம்பு வெச்சேன்."

உண்மைதான். குஞ்சைப் பிடிக்காதீர்கள், விற்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள் என்று எல்லாம் சொல்லியிருந்தோம். வேறு குஞ்சை உள்ளே விடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. செய்யாமல் இருப்பார்கள் என்று அக்காவுக்குத் தோன்றாதது போலவே.

நடந்ததை அவருக்கு விளக்கினேன். கவிதாக்கா வேலையைப் பற்றியும், விதிப்படி இந்தக் குளம் திட்டத்திலிருந்து போகக்கூடும் என்பதையும் சொன்னேன். கேட்கக் கேட்க அக்காவின் முகம் இறுகியது. வாசலில் இருந்த பலகையை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டேன்னு எழுதுவீங்க. குஞ்சு வேற ஆளுக்குப் போயிரும். பலகையப் புடுங்குவீங்க. பங்காளிக எல்லாம் பாத்துச் சிரிப்பாங்க. வேண்டாமுங்க தம்பி. என்ற பேரச் சொல்லீராதீங்க."

"கெடுத்தீங்கன்னு சொல்ல வரலைங்க்கா. ஆனா கூட்டத்துல என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அத உங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"நீங்க சொன்னா நம்புவாங்களா?"

அங்கேதான் அவர் சரியான இடத்தைத் தொட்டார். நம்ப மாட்டார்கள். கூட வேலை பார்ப்பவளுக்காக ஒருவன் கதை கட்டுகிறான் என்றுதான் நினைப்பார்கள். மேல்குளத்தில் அள்ளாமல் விட்ட குஞ்சுகள் கொஞ்சம் பிழைத்து வளர்ந்திருந்தன, வலைக்கு அடியில் மூச்சு வாங்க மேலே வந்து போவதைப் பார்த்தேன். அதில் சிலவற்றின் துடுப்பு நுனி கிடைத்தால் இரண்டும் ஒரே தாய் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். அதோடு அக்கா தன் வாயால் சொன்னால் எல்லாம் முடிந்தது.

"அக்கா, மேல்குளத்துல நாலஞ்சு மீன் மட்டும் துடுப்பு நுனி வெட்டிக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அது என்ற மீனு. உங்க திட்டத்து மீனில்ல." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் மேல்குளத்துக் கரையில் தனியாக நின்றேன். பையில் கத்தரி இருந்தது, குப்பிகள் இருந்தன. கைவலை தென்னைமரத்தில் சாய்த்து வைத்திருந்தது. பத்து நிமிட வேலை. துடுப்பு நுனி திரும்ப வளர்ந்துவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது, அக்காவுக்கும் தெரியப் போவதில்லை. கவிதாக்காவின் வேலை அந்தத் தண்ணீருக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

நான் தொடவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லைனுக்கு யாரோ சிலர் வண்டியில் வந்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான் வந்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் அம்மா இன்றைக்கும், டிவியில் ஏதாவது வியாதியைப் பற்றிச் சொன்னால், "அன்னிக்கி எடுத்தாவளே ரத்தம், அதுல என்ன கண்டாவளாம்லே?" என்று என்னிடம் கேட்பாள். நான் படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாள். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட்காமல் எடுத்திருந்தால் ஒரு தப்பு, கேட்டு மறுத்த பிறகு எடுத்தால் இரண்டு தப்பு என்று பட்டது. பையை மூடிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

கவிதாக்காவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டுவார் என்று ஒரு அசட்டு எண்ணம் இருந்திருக்கிறது, அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"வலை பக்கத்துலயே இருந்துச்சு. மீனு கண்ணு முன்னால இருந்துச்சு. நீ அனுமதி கேட்டுப்போட்டு வெறுங்கையோட வந்துட்ட, அப்படித்தான?"

"அவங்க வேண்டாம்னாங்க்கா."

"என்னைய வேண்டாம்னு சொல்லப் போறாங்களே, அதுக்கு எவனாச்சும் என்னைக் கேட்டானா? உன்ற நல்ல மனசுக்கு நான் எதுக்குப்பா சம்பளத்தக் குடுக்கணும்?"

நான் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரிக்கு உரிய விலையைக் கொடுக்க இருந்தது நான் இல்லை, அவர். இந்த வேலையில் நீங்கள் எடுக்கும் நேர்மையான முடிவுகளில் பலவும் அப்படித்தான் இருக்கும். நேர்மை என்று நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன்னால், அது யாருடைய கணக்கில் கழிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடத்திடமும் சொன்னேன். அறிக்கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மாமி வந்து சொல்லுவாளோ?" "தெரியாது மேடம்." "அப்போ அந்த வரியை எடுக்க எனக்கு ஆதாரம் இல்லை. நீ சொன்னதையும் பக்கத்துல எழுதறேன். அவா எதை நம்பறாளோ நம்பட்டும்."

குழு வந்த அன்று கூட்டம் காலையிலேயே தொடங்கியது. கவிதாக்கா கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும், இரண்டாவது குடும்பத்தைத் திரையில் காட்டி, நீர்நாய் விஷயத்தைச் சொன்னேன். குழுவில் மூத்தவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல விளக்கம். ஆனால் அந்தக் குளத்துக்காரர் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். அவ்வளவுதானே?" என்றார். "ஆமாம்," என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பும் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது வெளியே வாட்ச்மேனோடு யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது.

"கூட்டம் நடந்தா நடக்கட்டுமுங்க. மீனு என்ன, கூட்டம் முடியற வரைக்கும் மூச்சப் புடிச்சிட்டு இருக்குமா?"

நான் எழுந்து ஓடினேன். ருக்குமணியக்கா, தலையில் வெயிலுக்குத் துண்டு, கையில் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கேன். மொபெட்டிலேயே வாளையாரிலிருந்து வந்திருந்தார். மேடம் என் பின்னால் வந்து நின்று, கேனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கதவை அகலத் திறந்துவிட்டார்.

அக்கா குழுவின் முன் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நீர்நாய் வந்ததையும் தான் குஞ்சு சேர்த்ததையும் சொன்னார். "இது மேல்குளத்து மீனுங்க. நாலஞ்சு கொண்டாந்திருக்கேன். வெட்டிப் பாத்துக்குங்க. அந்த அம்முணி மேல்குளத்துக்குப் போகவே இல்ல. நா அன்னிக்குப் பூராம் கரையிலதான் இருந்தேன். மோர் குடுத்தா குடிக்காது. லேபிள் ஒட்டிட்டுக் குடிக்கறனுங்க்கா, லேபிள் ஒட்டிட்டுக் குடிக்கறனுங்க்கான்னு, பொழுதோடதான் குடிச்சுது. அதுக்குள்ள மோரே புளிச்சுப்போச்சு. அதப் போயி கவனமில்லன்னு சொன்னா எப்படிங்க?"

யாரோ சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. "அம்மா, விதிப்படி உங்கள் குளத்தைத் திட்டத்திலிருந்து எடுக்க வேண்டி வரும். அது தெரிந்துதான் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க. இந்தத் தம்பி அன்னிக்கே சொல்லிப்போட்டாரு."

மேடம் பேனாவை எடுத்தார். எல்லோர் கையிலும் இருந்த அறிக்கையில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். "கவனக்குறைவுன்னு நான் எழுதினது தப்பு. ஆதாரம் இல்லாம எழுதினேன். எல்லாரும் அடிச்சுடுங்கோ," என்று சொல்லி, முதலில் தன் பிரதியில் அடித்தார். குரல் தாழவில்லை. அவரிடம் நான் கற்றதில் பெரியது அந்த ஒரு கோடுதான். பின்னால் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிப்பது சுலபம். எங்கே எழுதினோமோ அங்கேயே, யார் முன்னால் எழுதினோமோ அவர்கள் முன்னாலேயே அடிக்க வேண்டும்.

கவிதாக்கா அக்காவின் கையிலிருந்து கேனை வாங்கிக்கொண்டு போய், அன்றைக்கே வெட்டினார். நான் லேபிள் ஒட்டினேன். துடுப்பு வெட்டிய மீன்களை அதே கேனில் திரும்பக் கொடுத்தோம். அக்காவை மொபெட் வரை கொண்டுவிடப் போனபோது, ஏன் மனது மாறினார் என்று கேட்டேன்.

"மாறல. அந்த அம்முணி ஞாபகமாவே இருந்துச்சு, அவ்வளவுதான்." வண்டியைத் தள்ளிக்கொண்டே சிரித்தார். "அன்னிக்கு நீங்க குளத்துக்கிட்ட நின்னத நா சன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். எடுத்துப்போட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன். எடுத்திருந்தா கேட் வரைக்கும் தொரத்தி வந்து வஞ்சிருப்பேன். எனக்கும் இந்த வெயில்ல வண்டி ஓட்டற வேல மிச்சமாயிருக்கும்."

பொருந்தியது. மேல்குளத்து மீன்களும் கீழ்க்குளத்து அந்நியக் குஞ்சுகளும் கூடப்பிறந்தவைதான். முடிவு வரும்வரை தள்ளி வைத்திருந்த கவிதாக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அக்காவின் குளம் விதிப்படி திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. முதல் குஞ்சு வேறு இடத்துக்குப் போகும். விதியை மாற்ற மேடம் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. பலகையைக் கழற்றப் போனது நானும் கவிதாக்காவும்தான். பலகை இருந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. "சுண்ணாம்பு அடிச்சா செரியாப் போயிரும்," என்றார் அக்கா.

இன்னும் ஒன்று. பிள்ளைகளின் டி.என்.ஏ. போதுமான அளவு கையில் இருந்தால், பார்க்காத பெற்றோரின் டி.என்.ஏ.வைப் பெரும்பாலும் எழுதிவிடலாம். பிள்ளைகளிடம் பிரிந்து கிடப்பதைச் சேர்த்துக்கொண்டே போனால், இவை இரண்டும் தாயிடம் இருந்தவை, அவை இரண்டும் தகப்பனிடம் இருந்தவை என்று தெரிந்துவிடும். நீர்நாய் தின்ற அந்த ஜோடியை அப்படித்தான் எழுதினோம். நீக்க வேண்டிய குப்பை என்று ஒரு பொத்தானில் போயிருக்க வேண்டிய குஞ்சுகள் எங்களுக்கு இரண்டாவது வரைபடத்தைக் கொடுத்தன. அதில் தாய்க்கும் தகப்பனுக்கும் நேராகக் குப்பி எண் இருக்காது. ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைத்துத் தயவுசெய்து நிரப்பிவிடாதீர்கள்.

புதிய குளத்துக்காரர்களுக்கு நாம் சொல்லும் விதிகளில் 'வேறு குஞ்சு சேர்க்காதீர்கள்' என்று இப்போது ஒரு விதி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, விதிகளைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறோம்: தாய்மீன் செத்தால் உங்கள் ஊரில் குஞ்சை என்ன செய்வீர்கள்? இது மாதிரி இன்னும் எத்தனை கேள்விகளை நாம் கேட்காமல் விட்டிருக்கிறோமோ, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

மேல்குளம் திட்டத்தில் இல்லை. ஆனாலும் துடுப்பு வெட்டிக்கொள்ள அக்கா இப்போதும் விடுகிறார், கேட்டுவிட்டுப் போனால். முதல் முறை போகும்போது கவிதாக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு போவார். மோர் கொடுப்பார்கள். லேபிள் ஒட்டிவிட்டுக் குடியுங்கள்.